இதர

சங்கம் பதிய ஏழு பேர் வேண்டும்.
ஆறு பேராகவே ஆறு மாதம் இருந்தோம்.
ஏழாவதாக வந்தவர் இசக்கிமுத்து,
தில்லி மெட்ரோவில் மஞ்சள் தட ஓட்டுநர்.
சுரங்கத்துக்குள் உட்கார்ந்து உட்கார்ந்து
இடுப்பு கல்லாகிவிட்டது என்று வந்தார்.
"கும்பிடுற மாதிரி இருக்கு, சாமியத்தான் காணோம்"
என்றார் முதல் நாள்.
அப்புறம் ஒரு நாளும் தவறவில்லை.

நான் பொருளாளர்.
தணிக்கை அலுவலகத்தில் முப்பத்தொரு வருஷம்
பிறர் கணக்கில் பிழை தேடியவள்.
என் மூச்சில் பிழை கண்டது செண்பகவல்லி.
ஹாங்காங் ஆஸ்பத்திரி ஒன்றில் பிஸியோதெரபி பார்த்துவிட்டு
சீகுங்கைக் கையோடு கொண்டுவந்தவள்.
"தோளால மூச்சு விடுறீங்க மேடம்" என்றாள்,
ரசீது இல்லாத வவுச்சரைப் பிடித்த மாதிரி.

ராமகிருஷ்ணபுரம் பூங்காவில்
நடைக்கு வருகிறவர்கள் எங்களைக் கண்டால்
வேகம் குறைப்பார்கள்:
முழங்கால் லேசாக மடக்கி
இல்லாத பந்தை ஏந்தி நிற்கும் ஏழு பேர்.
ஒரு பையன் கேட்டே விட்டான்,
"பந்து எங்கே ஆன்ட்டி?"

விதிமுறை எழுதிய அன்றுதான் சண்டை.
நோக்கம், பிரிவு மூன்று:
'நோய்களைக் குணப்படுத்தும் சீகுங் பயிற்சியை...'
டாக்டர் மிருணாள் கோஸ்வாமி, நுரையீரல் மருத்துவர்,
பச்சை மையால் ஒரே கோடு.
'குணப்படுத்தும்' போயிற்று.
"அந்தச் சொல் இருந்தால் நான் இல்லை.
இன்ஹேலரைத் தூக்கிப் போட்டுவிட்டு
நாளைக்கு ஒருத்தர் வந்து நிற்பார்.
ஏற்கெனவே ஒருத்தர் நின்றார்."
அதற்கு மேல் அவர் சொல்லவில்லை.

நஃபீசா எழுந்தாள்.
வலது கையை மெல்ல உயர்த்தினாள்,
மின்விசிறியைத் தொடப்போகிறவள் போல.
"போன ரம்ஜானுக்கு இந்தக் கையால்
என் தலையை நானே வாரிக்கொள்ள முடியாது.
இதற்கு என்ன சொல் போடுவீர்கள்?"

டீ ஆறியது.
'ஆராம்' என்றாள் குர்லீன்.
அது தூங்குகிறவனுக்கு என்றார் மிருணாள்.
எனக்குள் ஒரு தமிழ்ச் சொல் வந்து உட்கார்ந்தது:
இதம்.
யாருக்கும் மொழிபெயர்க்கத் தெரியாமல்
'உதவக்கூடும்' என்று ஆங்கிலத்தில் எழுதினேன்.
அந்தக் 'கூடும்'மில்தான் ஏழு பேரும் கூடினோம்.

நவம்பர். காற்றின் எண் நானூற்று அறுபது.
மூச்சுக்குச் சங்கம் வைக்கிறவர்கள்
முகமூடியோடு பதிவாளர் அலுவலக வரிசையில்.
"க்யூவுக்கு அடுத்த யூ எங்கே? ஸ்பெல்லிங் தப்பு"
என்றார் கவுன்ட்டர்க்காரர்.
சீனத்துச் சொல், அப்படித்தான் என்றேன்.
"சீனமா?"
கண்ணாடிக்கு மேலே கண் வந்தது.
மருத்துவமா? விளையாட்டா? மதமா? யோகாவா?
"நின்று மூச்சு விடுகிறோம்."
"அதற்குக் கட்டம் இல்லை."
கடைசிக் கட்டத்தில் அவரே டிக் அடித்தார்:
இதர.
ஓர் எழுத்துதான் பிசகு என்று பட்டது எனக்கு.

இவ்வளவுக்கும் பிறகு
விண்ணப்பம் திரும்பியது வேறு காரணத்துக்கு.
இசக்கிமுத்துவின் கையெழுத்து தமிழில்;
துவின் வால் கோட்டைத் தாண்டியிருந்தது.
"இது எழுத்தா, படமா? ஆள் நேரில் வரட்டும்."

ஷிஃப்ட் முடித்துச் சீருடையோடு வந்தார்.
முன்னால் முப்பது பேர்.
அவர் சலித்துக்கொள்ளவில்லை.
பாதத்தை அகட்டி, முழங்கால் தளர்த்தி,
தொப்புளுக்கு முன்னால் கைகளை வைத்து
பாட்டுக்கு நின்றார்.
கவுன்ட்டர்க்காரர் இருமினார், பார்த்தார்,
மறுபடி பார்த்தார்.
ஒன்றும் கேட்கவில்லை.
கழுத்தை மட்டும் ஒருமுறை இடம் வலம் திருப்பிக்கொண்டார்.

"இனிமே நாம சங்கமாக்கா?"
"இல்லை. பரிசீலனையில்."
"பரவால்ல, ஓடுற வண்டிதான்" என்றார்.

ரசீதில் என் பெயர் தப்பாக இருந்தது.
முப்பத்தொரு வருஷத்தில் முதல் தடவையாக
திருத்தச் சொல்லாமல்
மடித்துப் பையில் வைத்தேன்.